செல்லமுத்து கொடுத்த பொக்கு மிளகு

கொல்லிமலையில், சில ஊர்கள் சேர்ந்த தேவனூர் நாட்டில் எந்த வீட்டிலும் பொக்கு மிளகு கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். கொடியிலேயே முற்றாமல் சுருங்கிப்போன மிளகுக்குப் பொக்கு என்று பெயர். கையில் எடுத்தால் கனம் இராது. விரலால் நசுக்கினால் நொறுங்கும். முறத்தில் இட்டுப் புடைத்தால் நிறைந்த மணிகள் பின்னே தங்க, இது மட்டும் முன்னே பறந்து விழும். எல்லாக் கொடிகளிலும் இஃது உண்டு. எந்த வீட்டிலும் இல்லை. ஏனெனில் புடைக்கிற வேலை வீட்டின் புறக்கடையில் நடக்கும். பறந்து விழுந்ததை ஒரு சிறு சாக்கில் கட்டிப் பெரிய மூட்டைகளுக்கு அடியில் ஒளித்துச் சோளக்காட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே வியாபாரி அர்த்தனாரி ஒன்றும் பேசாமல் அதை வாங்கி, ஒன்றும் பேசாமல் கடையின் பின்கட்டில் போட்டுவிடுவார். அவர் அதை என்ன செய்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. அது யாருடையது என்று அவரும் எவரிடமும் சொல்வதில்லை. இவ்வாறு ஒரு நாடு முழுவதும் மானத்தோடு வாழ்ந்துவந்தது.

அந்த மானத்தைப் பற்றி மிகுதியாகப் பேசியவர் செல்லமுத்து. வயது நாற்பத்தெட்டு. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட முந்நூறு மிளகுக் கொடிகள் அவருடைய சொத்து. "எங்க ஊட்டு மிளகை மொறத்துல போட்டா மொறந்தான் பறக்கும்" என்று சந்தையில் நாலு பேர் கேட்கச் சொல்வார். அவர் மனைவி கண்ணாயி அருகில் இருந்தால், அவ்வேளையில் அவளுக்கு எதிர்த்திசையில் ஏதேனும் பார்க்க வேண்டியது நேர்ந்துவிடும்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பங்குனியில் நடக்கும் ஊர்ப் பொங்கலில், பானை பொங்கி வழிந்ததும் முதற்பிடி மிளகை இடுகிற உரிமை, அவ்வாண்டில் எவர் மிளகு சிறந்ததென்று ஊர் கருதுகிறதோ அவருக்கே உரியது. அந்த உரிமை செல்லமுத்துவின் வீட்டுப் படியை ஒருமுறையும் மிதித்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தை மாதத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கடந்து, அனுராதா என்னும் பெண் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சேந்தமங்கலத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நாமக்கல் பக்கத்தில் ஒரு மருந்தியல் கல்லூரியில் விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். கொல்லிமலை மிளகைக் கொண்டு மருந்தைச் சீர்ப்படுத்துவது அவளுடைய ஆய்வு.

"சளி நோய்க்கு, அதானுங்க டி.பி.க்கு, மாத்திரை குடுக்கறாங்கல்லங்க அண்ணா?" என்று தொடங்கினாள்.

"குடுத்தாங்க, குடுத்தாங்க" என்றாள் கண்ணாயி. "எங்கண்ணன் கருப்பண்ணனுக்கு ஆறு மாசத்துக்குக் குடுத்தாங்க. பாதிய முழுங்குச்சு, பாதிய பலாமரத்துப் பொந்துல போட்டுச்சு. வயித்தப் பொரட்டுதாம். மரத்துக்கு இப்ப ஒரு நோயும் இல்ல. அண்ணன்தான் மறுபடியும் முதல்ல இருந்து முழுங்குது."

"அதேதானுங்க அக்கா! மலையடிவாரத்துல ஒரு செக்போஸ்ட்டு இருக்குது, போற லாரியில பாதி லோடை எறக்கிட்டுத்தான் விடுவாங்கன்னு வெச்சுக்குங்க. மேல நாலு மூட்டை வேணும்னா கீழ எட்டு மூட்டை ஏத்தோணும். நம்ம ஒடம்புல ஈரல்தான் அந்த செக்போஸ்ட்டு. அதனாலதான் அத்தனை மாத்திரை. மிளகுல பைப்பரின்னு ஒரு காரச்சத்து இருக்குதுங்க. அது செக்போஸ்ட்டுக்காரரைக் கொஞ்ச நேரம் பேச்சுல புடிச்சு வெச்சுக்கும். அதுக்குள்ள மருந்து உள்ள போயிரும்."

"நல்ல மிளகா இருந்தா நல்லாப் பேசும்" என்றார் செல்லமுத்து.

"அந்த மருந்தையும் மிளகுச் சத்தையும் சேத்துக் குட்டி உருண்டைக்குள்ள அடைக்கறேனுங்க. நானோ துகள்னு பேரு. ஒரு தலைமுடிக்குக் குறுக்கால வரிசையா நிறுத்தினா நானூறு நிக்கும். லாரி போகாத ஒத்தையடிப் பாதையில எல்லாம் அது போயி, சொமையை மெதுவா எறக்கி வைக்கும்."

செல்லமுத்து வெகுநேரம் தம் முன்கையில் ஒரு முடியை உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப மிளகை அரைச்சுப் பொடி பண்ணிருவீங்க?"

"பொடிக்கும் பொடிங்க."

அந்தச் சொல்லில்தான் அவர் தடுமாறினார். பொடிக்கும் பொடியாகப் போகிற ஒரு பொருளுக்கு வடிவும் கனமும் எதற்கு? அவர் புறக்கடைக்குப் போனார். கண்ணாயியைக் கண்ணால் கூப்பிட்டார்.

"அந்தச் சின்னச் சாக்கை எடு புள்ள."

"எந்தச் சாக்கு?"

"அதான்… அது."

"அதுவா! மலையேறி நம்ம ஊட்டைத் தேடி வந்த புள்ளைக்கா? ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லீங்களா?"

"முடிய நானூறாப் பொளக்கறாங்களாம். அதுல போயி மணி நெறஞ்சிருந்துச்சா சுருங்கியிருந்துச்சான்னு எவன் பாக்கப் போறான்? சும்மாத்தான குடுக்கறோம்."

அடுத்துச் செய்ததுதான் அவருடைய சாமர்த்தியம். பெண்ணோ விவசாயக் குடும்பத்தவள். கண்ணால் கண்டால் பொக்கென்று அறிந்துகொள்வாள். ஆகவே, பலாமரத்தில் குடைந்த வீட்டு உரலில் நான்கு கிலோப் பொக்கு மிளகையும் தாமே உலக்கை பிடித்து இடித்து, மஞ்சள் துணிப்பையில் கட்டிக் கொடுத்தார். "அங்க போயி நீங்க எதுக்குங்க அம்மிணி சிரமப்படோணும்? அண்ணன் இடிச்சே குடுத்திட்டேன்" என்றார். அனுராதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேருந்து நிற்குமிடம்வரை கண்ணாயி தரையைப் பார்த்தபடியே நடந்தாள்.

ஐப்பசியில் அனுராதா மறுபடி வந்தாள்; வாசலிலேயே செல்லமுத்துவின் காலைத் தொடக் குனிந்தாள். அவளுடைய வெள்ளெலிகளின் இரத்தத்தில் மருந்து இரண்டு மடங்கு நேரம் தங்கியிருக்கிறதாம். வழிகாட்டிப் பேராசிரியர் சசிதரன், யாரையும் பாராட்டாதவர், நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். எலக்ட்ரான் நுண்ணோக்கி என்னும் கருவியில் எடுத்த படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதில் உருண்டை உருண்டையாக, ஒன்றையொன்று ஒட்டினாற்போல, ஆயிரக்கணக்கான துகள்கள். பாயில் காயப்போட்ட மிளகு போலவே இருந்தன. அடியில், 'மாதிரி: செல்லமுத்து தோட்டம், தேவனூர் நாடு' என்று அச்சிட்டிருந்தது.

செல்லமுத்து அப்படத்தைக் கதவுக்கு நேரே மாட்டினார். வருகிறவர்கள், "மிளகு நல்லா நெறஞ்சிருக்குதே!" என்பார்கள். "முடியில நானூறு நிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, விளங்காதவர்களுக்காக வருந்துகிறவரைப் போல் அமர்ந்திருப்பார். செய்தி பரவிற்று. மார்கழியில் ஊர் கூடியபோது, வருகிற பங்குனிப் பொங்கலில் முதற்பிடி மிளகு செல்லமுத்துவுடையது என்று முடிவாயிற்று.

பெருமை வந்தவுடன் அவருக்கு மனச்சாட்சியும் வந்தது. அடுத்த தை மாதத்தில் இரண்டாம் கட்ட ஆய்வுக்கு அனுராதா மிளகு கேட்டபோது, தோட்டத்திலேயே தலையான கொடிகளின் மிளகை மணி மணியாகப் பொறுக்கினார். ஒவ்வொன்றும் உருட்டிவிட்டால் ஓடும்! இடிக்கவும் இல்லை. அத்தகைய மிளகை இடித்துக் கொடுத்தால் அதன் அழகை யார் காண்பது? "பாருங்க அம்மிணி, கண்ணால பாருங்க!" என்று அள்ளி அள்ளிக் காட்டினார். போன ஆண்டுக் கடனை வட்டியோடு தீர்த்துவிட்டதாக அன்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மாசி பிறந்ததும் சோளக்காட்டுத் தொலைபேசிக் கடையிலிருந்து ஆள் வந்தது. அனுராதாவின் குரல் கம்மியிருந்தது.

"வரமாட்டேங்குதுங்க அண்ணா. போன வருசம் கெடைச்ச சத்துல பாதி கூட இல்ல. மருந்து போன தடவை மாதிரி தங்கவே இல்லீங்க. தண்ணியை மாத்திட்டேன், ரசாயனத்தை மாத்திட்டேன், கரண்டு விட்டு விட்டு வருதுன்னு ஜெனரேட்டர் வெச்சுப் பாத்துட்டேன். மிளகுல கொறை சொல்ல முடியாது. நானே கண்ணால பாத்தேன். ஒரே ஒரு வித்தியாசந்தான். போன தடவை நீங்க உரல்ல இடிச்சுக் குடுத்தீங்க. இங்க மிக்ஸியில அரைச்சோம். சூட்டுல சத்துப் போயிருச்சுங்களா?"

செல்லமுத்துவுக்கு உண்மை அந்நொடியே விளங்கிவிட்டது. சொல்லியிருக்கலாம். கடைக்காரர், அவர் மனைவி, வரிசையில் நின்ற மூவர் ஆக ஐந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"உரலாத்தானுங்க அம்மிணி இருக்கும்" என்றார். "அது பலாமர உரலாச்சே!"

அதன் விளைவாக, மறுநாள் அந்த உரல் மலையிறங்கிற்று. நடத்துநர் அதைச் சுற்றி வந்து பார்த்து, "இதுக்கு ஆள் டிக்கெட்டுங்களா, லக்கேஜுங்களா?" என்றார். "ஆராய்ச்சிக்குப் போகுது" என்று செல்லமுத்து கடுமையாக விடையளித்தார். கல்லூரியில் பேராசிரியர் சசிதரன் கழுத்துப் பட்டையைத் தோளின்மேல் தள்ளிக்கொண்டு, தாமே உலக்கையைப் பிடித்தார். பத்துக் குத்துக்கு ஒருமுறை வெப்பமானியை உரலுக்குள் விட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். செல்லமுத்துவின் முதல்தரமான மிளகு, விதிப்படி, சூடேறாமல் இடிபட்டது. நான்காம் நாள் தொலைபேசி மறுபடி வந்தது. ஒன்றும் மாறவில்லை. பேராசிரியரின் உள்ளங்கைகளில் இரண்டு கொப்புளங்கள் மட்டும் புதிதாகக் கிடைத்திருந்தன.

இம்முறை அனுராதாவின் குரல் கம்மவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"பங்குனி பத்தாம் தேதி ஆய்வுக் குழு வருதுங்க அண்ணா. அதுக்குள்ள பழைய முடிவு திரும்ப வரலேன்னா, போன வருசம் நான் எழுதினதே பொய்க்கணக்குன்னு முடிவு பண்ணிருவாங்க. ஆராய்ச்சியும் போச்சு, வேலையும் போகும். நான் பொய் எழுதலீங்க. நீங்களாவது நம்பறீங்கல்லங்க?"

"நம்பறேன் கண்ணு" என்றார் செல்லமுத்து. அவளை உலகத்தில் எல்லாரையும்விட உறுதியாக நம்பக்கூடியவர் அவர் ஒருவர்தாம்.

வீட்டுக்கு வந்து கண்ணாயியிடம் சொன்னார். அவள் கையிலிருந்த கேழ்வரகுக் களியைத் தட்டிலேயே போட்டாள்.

"போயி உள்ளதைச் சொல்லுங்க."

"சொன்னா? பங்குனிப் பொங்கலு? மொதப் புடி?"

"அந்தப் புள்ளை பொய்க்காரின்னு பேரெடுக்கோணும், நீங்க பொங்கப்பானைக்கு முன்னால நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கோணும். ஏனுங்க, பொக்குல மருந்து நல்லா வருதுன்னா எங்கண்ணனுக்கு எட்டு மாத்திரைக்கு நாலு போதுமுங்க. அதை நெனைச்சீங்களா?"

அவர் நினைத்தார், நினைத்ததில் ஒரு குறுக்குவழி கிடைத்தது. சொல்லாமலேயே சரிசெய்துவிடலாமே! இவ்வாண்டுப் பொக்கைப் போன ஆண்டைப் போலவே இடித்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. உற்சாகமாகச் சிறு சாக்கை எடுத்தார், உரலைத் தேடினார். உரல் கல்லூரியில் இருந்தது. பக்கத்து வீட்டு உரலைக் கேட்கலாமென்றால், பொக்கு மிளகை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கா போவது? நிலைமையை எண்ணிப் பார்த்தார். கல்லூரிக்கே கொண்டுபோவது, எவரும் பார்ப்பதற்கு முன்னால் நேராக உரலடிக்குப் போய் நாலு குத்துக் குத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

முதற்பேருந்தில் போய் இறங்கினார். ஆய்வுக்கூடத்தின் வாயிலுக்கும் உரலுக்கும் இடையே இருபது அடிதான். பதினைந்தாம் அடியில் அனுராதா பார்த்துவிட்டாள்.

"அண்ணா! நீங்களே தூக்கிட்டு வந்தீங்களா? குடுங்க, குடுங்க. நீங்க உக்காருங்க."

"இல்லீங்க அம்மிணி, நானே இடிச்சு…"

சாக்கின் வாய் அவிழ்ந்தது. அவள் ஒரு பிடி அள்ளினாள், ஊதினாள், பாதி பறந்துபோயிற்று. முகம் கறுத்தது.

"அண்ணா, உங்களை யாரோ ஏமாத்தியிருக்காங்க!"

செல்லமுத்து வாயைத் திறந்தார்.

"உங்க ஊட்டு மிளகை மொறத்துல போட்டா மொறந்தான் பறக்கும்னு சொல்வீங்களே, அந்த மிளகுங்களா இது? வழியில சாக்கை எங்கியாவது வெச்சீங்களா?"

"பஸ்ஸு வர்ற வரைக்கும் அர்த்தனாரி கடையில…" என்று உண்மையையே சொன்னார். அங்கேதான் சாக்கை வைத்துவிட்டுத் தேநீர் குடித்தார்.

"மாத்திட்டாரு!" என்றாள் அனுராதா.

இல்லையென்று தலையாட்டியிருக்க வேண்டிய இடம் அது. அவர் தலை ஆடவில்லை. அவளோ ஓர் எவர்சில்வர்த் தட்டை எடுத்து, சேந்தமங்கலத்துப் பெண்ணுக்குரிய லாகவத்தோடு புடைக்கலானாள். பொக்கெல்லாம் விரித்த செய்தித்தாளில் போய்க் குவிந்தது. தட்டில் ஒரு கைப்பிடி நல்ல மணிகள் மிஞ்சின. அவற்றை ஒரு கண்ணாடிக் குப்பியில் பத்திரமாக இட்டு, "இதையாவது காப்பாத்தினேன்" என்றாள். அவளுடைய ஆராய்ச்சி முழுவதும் செய்தித்தாளில் கிடந்தது. அதைக் குப்பைத்தொட்டிக்கு அவள் தூக்கியபோது செல்லமுத்து ஓரடி முன்னே வைத்தார். ஆனால் அவள் மறுபடி யோசித்து, அதைச் சாக்கிலேயே கட்டினாள்.

"இது சாட்சிங்க. இன்னிக்குச் சந்தை நாளு. வாங்க, அந்த ஆளை நாலு பேரு முன்னால கேட்டுட்டு வரலாம்."

மலையேறுகிற பேருந்தில், ஒவ்வொரு வளைவிலும் சொல்லிவிடுவதென்று செல்லமுத்து தீர்மானித்தார். பன்னிரண்டாம் வளைவில் "அம்மிணி" என்றார். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். முப்பத்தோராம் வளைவில் வாய் திறந்தார். முன்னிருக்கைக்காரர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டவேண்டியதாயிற்று. ஐம்பதாம் வளைவுக்குப் பிறகு, "நீங்க கலங்காதீங்க அண்ணா, உங்க நல்ல பேரை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்" என்று அவளே ஆறுதல் சொன்னாள். அதன்பின் அவர் வளைவுகளை எண்ணுவதையும் விட்டுவிட்டார்.

சோளக்காட்டில் கூட்டம் நெரிந்தது. அர்த்தனாரி தராசுக்குப் பின்னால் வழக்கம்போல் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். அனுராதா சாக்கை அவர்முன் கொட்டினாள்.

"இத்தனை வருசமா யாவாரம் பண்றீங்களே, இது நாயமுங்களா? காலையில செல்லமுத்தண்ணன் நம்பி வெச்சிட்டுப் போன நல்ல மிளகை எடுத்துக்கிட்டு, இந்தப் பொக்கைக் கட்டி வெச்சிருக்கீங்க!"

கூட்டம் கூடிவிட்டது. "அர்த்தனாரியா?" "இருபது வருசமா ஒரு சொல்லு கேட்டதில்லையே!" "பேசாத மனுசனை நம்பக்கூடாதுங்கறது இதுக்குத்தான்." அப்போதுதான் மூட்டையை இறக்கிய ஒருவர் அதை ஓசைப்படாமல் தம் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

அர்த்தனாரி குனிந்து ஒரு மணியை எடுத்து விரலிடையில் உருட்டினார். எந்தத் தோட்டத்துப் பொக்கு என்பதை மோந்தே சொல்லக்கூடியவர் அவர். செல்லமுத்துவின் சிறு சாக்கை ஆண்டுதோறும் வாங்கியவரும் அவரே. ஒரு சொல் சொன்னால் பழி நீங்கிவிடும். அவர் செல்லமுத்துவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்; பின்பு பார்வையைத் தராசுக்குத் திருப்பினார்.

"கடையில மாறியிருந்தா மாறியிருக்கலாமுங்க. வேற மூட்டை தர்றேன், எடுத்துக்குங்க" என்றார்.

செல்லமுத்து அடியைக்கூடத் தாங்கியிருப்பார். இந்தப் பெருந்தன்மையை அவரால் தாங்க முடியவில்லை.

"அது எம் பொக்குங்க!" என்று கத்தினார்.

ஆடு ஒன்று வாழை மட்டையை மென்ற ஓசை தனியே கேட்டது.

"எங்க தோட்டத்துப் பொக்கு. எங்க ஊட்லயே வெளைஞ்சது. போன வருசம் உரல்ல இடிச்சுக் குடுத்தனே அம்மிணி, அதுவும் பொக்குத்தான். பொடிக்கும் பொடின்னீங்க… பொடியில என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறாங்கன்னு குடுத்திட்டேன். நல்லதைக் குடுத்தது இந்த வருசந்தானுங்க. நீங்க பொய் எழுதலீங்க கண்ணு. பொய்யி எங்கிட்ட இருந்துச்சு. அர்த்தனாரி மேல ஒரு தப்பும் இல்ல."

அனுராதா பக்கத்திலிருந்த வாழைத்தார்க் குவியலின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஏசுவாள் என்று செல்லமுத்து எதிர்பார்த்தார். ஏசினால் நன்றாயிருக்கும் என்றுகூட விரும்பினார். அவளோ கேள்வி கேட்டாள்.

"முழுசும் பொக்குங்களா, இல்ல நல்லதும் கலந்ததுங்களா?"

"முழுசும் பொக்குங்க."

"ஒரு நல்ல மணி கூடக் கலக்கலையே?"

"நான் எதுக்குங்க கலக்கப் போறேன்?" என்றார் செல்லமுத்து, சற்றே புண்பட்டவராக.

"சத்தியமா?"

"எங்க கொலசாமி மேல சத்தியமுங்க. சுத்தமான பொக்கு."

அவள் துள்ளி எழுந்தாள். "நெறஞ்ச மணியில மாவுச்சத்து ஏறிருது. பொக்குல மாவு ஏறலை. காரச்சத்து மட்டும் தனியா நிக்குது. எடைக்கு எடை இதுலதாங்க அதிகம்! நான் படிச்சிருக்கேன். படிச்சிருந்தும் நீங்க காட்டின மணியோட அழகைப் பாத்து மயங்கிட்டேன்." அவள் தரையில் மண்டியிட்டுக் கொட்டியதைக் கைகளால் கூட்டி அள்ளலானாள். "அண்ணா, பாதி மண்ணோட போயிருச்சு. குழுவுக்கு முன்னால செஞ்சு காட்ட இன்னும் மூணு கிலோவாவது வேணுமுங்க." கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள். "யாரு ஊட்லயாவது பொக்கு மிளகு இருக்குதுங்களா?"

கூட்டம் ஓரடி பின்வாங்கிற்று.

"எங்க ஊட்ல ஏதுங்க?"

"கேள்விப்பட்டிருக்கறமுங்க. பாத்ததில்லீங்க."

"எங்க தோட்டத்துக்கு அந்தப் பழக்கமே இல்லீங்களே."

அர்த்தனாரி தொண்டையைக் கனைத்தார். "பின்னாடி எட்டு மூட்டை கெடக்குதுங்க. யாருதுன்னு மட்டும் கேக்காதீங்க."

"எந்தத் தோட்டம்னு எழுதோணுமுங்களே" என்றாள் அனுராதா.

எட்டு மூட்டைக்கும் உரியவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இறுதியில், மானத்தை ஏற்கெனவே இழந்துவிட்டபடியால் இனி இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரே மனிதர் முன்வந்தார். "எங்க ஊட்ல இன்னொரு சின்னச் சாக்கு இருக்குதுங்க" என்றார் செல்லமுத்து.

பங்குனி பத்தாம் தேதி ஆய்வுக் குழுவினர் மூவரின் கண்ணெதிரே செல்லமுத்துவின் பொக்கு இடிபட்டு, கரைந்து, வடிந்து, அரிசி கழுவிய நீரைப் போல் கலங்கலாக ஒரு குப்பியில் நின்றது. போன ஆண்டின் எண்களும் இவ்வாண்டின் எண்களும் அக்காள் தங்கையைப் போல் ஒத்துப்போயின. பேராசிரியர் சசிதரன் கொப்புளம் ஆறிய கையால் அனுராதாவின் தாளில் கையெழுத்திட்டார். "எலியைத் தாண்டி மனுசனுக்குப் போக இன்னும் பல வருசம் ஆகும்" என்று எச்சரிக்கவும் செய்தார். அந்தச் செய்தி கண்ணாயிக்கு எட்டியபோது, அவள் கருப்பண்ணனை எதிரில் உட்காரவைத்து அன்றைய மாத்திரைகளை எண்ணி விழுங்கவைத்தாள். பலாமரத்துப் பொந்தையும் சாணியால் அடைத்துவிட்டாள்.

முதற்பிடி மிளகு இடும் உரிமை செல்லமுத்துவுக்குக் கிட்டவில்லை. ஊர் அதை வேறொருவருக்கு மாற்றிற்று. பொங்கல் அன்று அவர் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றார். பேருந்திலும் சந்தையிலும் அவருக்குப் 'பொக்குச் செல்லமுத்து' என்று பெயர் நிலைத்துவிட்டது. நடத்துநர் அப்பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது முதலில் சில நாள் அவர் இறங்காமல் இருந்து பார்த்தார். அடுத்த நிறுத்தத்திலிருந்து திரும்பி நடக்கவேண்டியிருந்ததால், பின்னர் இறங்கலானார்.

அடுத்த தை மாதம் அனுராதா தடித்த அட்டை போட்ட ஆய்வேட்டையும், உரலையும் கொண்டுவந்தாள். நன்றியுரைப் பக்கத்தைத் தமிழில் சொன்னாள்: "கலப்படமற்ற பொக்கு மிளகைத் தந்துதவிய தேவனூர் நாட்டுத் திரு. செல்லமுத்து அவர்களுக்கு."

அவர் மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். "லேசான மிளகுன்னு எழுதியிருக்கலாமுங்களே அம்மிணி?"

"பொக்குன்னே எழுதாட்டி அந்தக் கணக்கை யாரும் நம்ப மாட்டாங்களேங்க" என்றாள் அனுராதா.

கண்ணாயி அவ்வேளை மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். புறக்கடையில் அல்ல, சாலையைப் பார்த்த முன்வாசலில். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாத வீட்டுக்கு வெளிச்சம் நல்லதென்று அவள் இடத்தை மாற்றிக்கொண்டிருந்தாள். பொக்கு பறந்து வாசற்படிவரை விழுந்தது. அவ்வழியாகப் போனவர் ஒருவர் நின்றார். பங்குனியில் முதற்பிடி மிளகு இட்டவர் அவர்தாம். சாலையின் இருபுறமும் பார்த்துவிட்டு, வேலியருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க செல்லமுத்து, டீச்சரம்மா இன்னும் எடுக்கறாங்களா? எனக்கில்லீங்க. எங்க ஊட்ல ஏது? தெரிஞ்சவர் ஒருத்தரு ஊட்ல, ரண்டு சாக்கு இருக்குதாம்."